காத்தடிச்சா பறக்கிற பொண்ணுக்கு எடை ஜாஸ்தியாம்

சும்மா பேசிக்கிட்டே போனா உங்களுக்குத் தூக்கம் வந்துடும்... ஒரு குட்டிக் கதை சொல்றேன், கேளுங்க.

விருதுநகர் பக்கம் ஒரு ஊர்ல பொண்ணுங்களுக்குக் கபடிப் போட்டி. எடை ஐம்பத்தஞ்சு கிலோவுக்கு மேல போகக் கூடாது. நடத்துறவர் பி.டி. வாத்தியார் ஞானசிகாமணி. மனுஷன் கம்ப்யூட்டர்ல எக்செல்ல திறந்து, ஒரே ஒரு ஃபார்முலா போட்டாரு. "எடை ஐம்பத்தஞ்சுக்கு மேலயா? வெளியே. இல்லையா? உள்ளே." அவ்வளவுதான். நம்பரை அடிச்சா பதில் தானா வருது. சாருக்குப் பெருமை தாங்கல.

கடைசி டீம் கீழப்பட்டி. அந்த நேரம் பார்த்து சார் சாப்பிடப் போயிட்டாரு. அவர் இடத்துல உட்கார்ந்தாங்க ஜெபக்கனி டீச்சர். எதையும் சுத்தமாச் செய்யணும் அவங்களுக்கு. நாற்பத்திரண்டுன்னு மொட்டையா விட மனசு வரல. "42 கிலோ"ன்னு முழுசா அடிச்சாங்க. எல்லார் எடைக்கும் பக்கத்துல அப்படியே 'கிலோ' சேர்த்தாங்க. என்ன வந்துச்சு தெரியுமா? வெளியே... வெளியே... வெளியே... மொத்த டீமும் வெளியே.

கேப்டன் மாரீஸ்வரிக்கு இதுதான் கடைசி வருஷம். அடுத்த வருஷம் வயசு தாண்டிடும். சாப்பிட்டுத் திரும்பின சார்கிட்ட ஓடி வந்தா.

"சார், எங்களை ஏன் சேர்க்கல?"

"எடை ஜாஸ்திம்மா."

"யாருக்கு சார்?"

"எல்லாருக்கும். கம்ப்யூட்டரே சொல்லுதே."

அவ அழல. சண்டை போடல. பின்னாடி நின்ன சங்கவியைக் கையைப் பிடிச்சு முன்னாடி இழுத்தா. காத்தடிச்சா பறந்துடுவா அந்தப் பொண்ணு.

"இவளுக்குமா சார்?"

சார் சங்கவியைப் பார்த்தாரு... ஸ்க்ரீனைப் பார்த்தாரு... மறுபடி சங்கவியைப் பார்த்தாரு. அவ பேருக்கு நேரா, நாற்பத்திரண்டு பக்கத்துல இருந்த 'கிலோ'வை அழிச்சாரு. உள்ளே.

விஷயம் என்னன்னா, எழுத்து கலந்துட்டா அந்த மெஷினுக்கு அது நம்பரே இல்ல. எழுத்துன்னா எந்த நம்பரையும் விடப் பெருசுன்னு எடுத்துக்கும். அதான் வெளியே தள்ளிடுச்சு.

எல்லா 'கிலோ'வையும் அழிச்சாங்க. மொத்த டீமும் உள்ளே. சார் அதோட விடல. ஃபார்முலாவுல இன்னொரு வரி சேர்த்தாரு. "அடிச்சது நம்பர் இல்லையா? வெளியேன்னு சொல்லாதே. 'விசாரி'ன்னு காட்டு."

சாயங்காலம் ஃபைனல். சங்கவி ரைடு போறா... மூணு பேர் மடக்குறாங்க... நழுவி வந்து கோட்டைத் தொட்டுட்டா. கப்பை வாங்கினது கீழப்பட்டி. மாரீஸ்வரியைத் தோள்ல தூக்கிக்கிட்டு மைதானத்தையே சுத்தி வந்தாங்க அந்தப் பிள்ளைங்க.

அய்யா, அம்மா... நாமளும் மனசுக்குள்ள ஒரு ஃபார்முலா வச்சிருக்கோமா இல்லையா? மார்க் இதுக்குக் கீழயா... வெளியே. பேச்சு நம்ம மாதிரி இல்லையா... வெளியே. அந்தப் பிள்ளை யாருன்னு நமக்குப் புரியல, அதுக்கும் வெளியேதான். எத்தனை கீழப்பட்டியை இப்படி வாசல்லயே திருப்பி அனுப்பியிருக்கோம்?

புரியலேன்னா கூப்பிட்டு விசாரிங்க. உள்ள விட்டுப் பாருங்க... அப்புறம் கப்பை யார் தூக்குறாங்கன்னு நீங்களே பார்ப்பீங்க.