பிச்சைமணியின் மோதிர விரல்

ராத்திரி பத்தரை மணி. குற்றாலத்திலிருந்து தென்காசிக்கு வரும் ரோடு... சாரல் ஓய்ந்த புரட்டாசி. வருஷம் அறுபத்திரண்டு. சைக்கிளில் தனியாக வந்துகொண்டிருந்தான் பிச்சைமணி. என் சிநேகிதன் சிவசைலத்தின் மச்சான்.

மலேரியா ஆபீஸில் அவனுக்கு வேலை. காய்ச்சல் கண்ட வீட்டுக்குப் போய், விரலில் ஊசி குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடி ஸ்லைடில் பூசிக் கொண்டுவர வேண்டும். லேபில் நாங்கள் சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் கிருமி தேடுவோம். அந்த வருஷம் ஸ்லைடுகள் குவிந்து கிடந்தன. ராத்திரி முறை எனக்கு. பிறகு அந்த வேலையைப் பாதியில் விட்டுவிட்டேன்.

ஒரு மாதம் முன்னால் அவன் செய்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். சைதூன் பீவி என்று ஒருத்தி, தறிக்கு நூல் சுற்றப் போகிறவள், அவனை வழியில் மறித்தாள்.

"அண்ணாச்சி, எம்பிள்ள ஷமீமுக்கு மூணு நாளாக் காய்ச்சல். குளிரு தூக்கித் தூக்கிப் போடுது. நான் வேலைக்குப் போயிருவேன், பிள்ள வீட்லதான் கெடக்கா. ரத்தம் எடுத்துட்டுப் போங்க."

சரி என்றான். மழை. இரண்டு மைல் சேறு. டீக்கடையிலேயே உட்கார்ந்து தன் மோதிர விரலில் குத்தி, ஷமீம் பெயரை எழுதிவிட்டான்.

நான்தான் பார்த்தேன். கிருமி இல்லை.

"மலேரியா இல்ல. கசாயம் குடு, போதும்" என்று சைதூனிடம் சொல்லிவிட்டான். "மாமா வரவே இல்ல உம்மா" என்றாளாம் பிள்ளை. "வந்த மாமாவ வரலன்னு சொல்லாதட்டி" என்று தாய் அதட்டியிருக்கிறாள்.

எட்டாம் நாள் பிள்ளையை அடக்கம் செய்தார்கள்.

இனி அந்த ரோடு. வளைவில் சைக்கிள் செயின் கழன்றது... டக். தவளைச் சத்தம் நின்றது. ஈரத்துணி வாடை. குனிந்து மாட்டும்போது முழங்கையில் அனல்... அடுப்புப் பக்கம் உட்கார்ந்த மாதிரி. திரும்பினான்.

ஷமீம். கையை நீட்டிக்கொண்டு.

"எடுங்க மாமா."

அவன் ஓடவில்லை. ஊசிப் பெட்டியைத் திறந்தான். குத்தினான். வலித்தது... அவனுக்கு. பிள்ளையின் விரலில் ஒன்றுமில்லை. அவன் மோதிர விரலில் ரத்தம் முட்டி நின்றது. பழக்கத்தில் ஸ்லைடில் பூசினான். நிமிர்ந்தால் யாருமில்லை.

நேரே லேபுக்கு வந்தான். "இதப் பாருலே" என்றான். சாயம் ஏற்றிப் பார்த்தேன். எங்கே நகர்த்தினாலும் கிருமி, அப்பிக் கிடந்தது. அவனுடைய இன்னொரு விரலில் குத்தி எடுத்துப் பார்த்தேன். சுத்தம்.

"யார் ரத்தம்லே இது?"

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னான்.

விடிந்ததும் சைதூனிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று கிளம்பினான். கூடவே நானும் போனேன். அவன் வாயெடுக்குமுன் அவள் முந்திக்கொண்டாள்.

"ராத்திரி பிள்ள கனவுல வந்தா அண்ணாச்சி. 'மாமா ஊசி குத்துனாங்க, வலிக்கவே இல்ல உம்மா'ன்னு சொல்லுதா. நீங்க நல்லா இருக்கணும்."

அவன் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான். ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அந்த விரலிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது... சொட்... சொட்... எனக்கே கேட்டது.

குனிந்து பார்த்தேன்.

தரையில் ஒரு துளி இல்லை.