ஹாஜியோட காளையும் பத்தடி ஃப்ளெக்ஸும்

...பன்னெண்டு கேமராண்ணே! பத்து செகண்டுல முடியிற காளைப் பந்தயத்துக்குப் பன்னெண்டு கேமரா! தலைக்கு மேல ஈ மாதிரி ஒரு ட்ரோன் வேற! சுரபாயா டவுன் போட்டோக் கம்பெனிக்காரன் பாலத்தத் தாண்டி நம்ம மதுராத் தீவுக்குள்ள வந்தாலும் வந்தான், நம்ம ஸ்டூடியோவுல உங்கள மாதிரி யாராச்சும் பாஸ்போர்ட் போட்டோவுக்கு உக்காந்தாத்தான் உண்டு. தாடையத் தூக்குங்க... இன்னும் கொஞ்சம்... ஆங், அப்படியே இருங்க.

சரி, என்னத்த எடுத்தான் அவன்? ஓட்டுறவன் மூஞ்சிய எடுத்திருக்கான்! ஓட்டுறவன் மூஞ்சி யாருக்குண்ணே வேணும்? படம் வாங்குறவன் காளைக்குச் சொந்தக்காரன். அவனுக்குக் காளை மூஞ்சி வேணும், கொம்புல கட்டின ஜரிகை வேணும். ஹாஜி மிஸ்னாடின் வீட்டுக் கூடத்துல போயிப் பாருங்க. நான் எடுத்த காளைப் படம் செவுரு முழுக்க! அவங்கப்பா படம் இத்துனூண்டு, ஸ்விட்சுக்குப் பக்கத்துல. சிரிக்காதீங்க, பாஸ்போர்ட்டுக்குச் சிரிப்பு ஆகாது.

அந்த ஹாஜிதாண்ணே இப்ப நம்மகிட்ட முகம் குடுத்துப் பேசறதில்ல. அடுத்த மாசம் அவரு மவ கல்யாணம், நமக்கு மூணு நாள் போட்டோ வேலை. "மரியாதையா அதக் கழட்டு, கல்யாண வேலை உனக்கு. இல்லேன்னா சுரபாயாக்காரன் வருவான்"னு ஆள் விட்டிருக்காரு. எதையா? வரும்போது பாக்கலியா நீங்க? வாசல்ல பத்தடிக்குத் தொங்குதே!

ஞாயித்துக்கெழம கடைசிப் பந்தயம். ஹாஜியோட காளை ஜோடியும் ஊர்த்தலைவர் முகாயத்தோட ஜோடியும் ஒண்ணாப் பாஞ்சு வந்துச்சு. ஹாஜிதான் ஜெயிச்சாருன்னு நடுவர் கொடியத் தூக்கியாச்சு, கோப்பையக் குடுத்தாச்சு, விருந்தும் தின்னாச்சு. கம்பெனிக்காரன் படத்துல வெறும் புழுதி. பன்னெண்டு கேமராவுலயும் புழுதி! நம்ம படத்துல... அண்ணே, காளையோட மூக்குச் சளி தெரியும். எல்லைக் கோடு தெரியும். அதத் தாண்டுற முன்னங்கால் தெரியும். பெருமை தாங்கல எனக்கு! மறுநாளே பத்தடிக்கு ஃப்ளெக்ஸ் அடிச்சுக் கட்டிட்டேன். 'கம்பெனியால் முடியாதது'ன்னு கீழ எழுத்து வேற.

யாரு காளையோட முன்னங்காலா?

...அதாண்ணே. முகாயத்தோட காளைது. நாலு விரக்கடை முன்னால.

கட்டும்போது நான் காலயா பாத்தேன்? ஃபோகஸப் பாத்தேன்! இப்ப சந்தைக்குப் போற சனமெல்லாம் நின்னு விரல வச்சு அளக்குது. கோப்பையக் குடுன்னு முகாயத்து ஆளுங்க ஹாஜி வீட்டு வாசல்ல நிக்கிறாங்க. "ஏதோ கோணம் மாறிப்போச்சுன்னு சொல்லிட்டு இறக்கித் தொலைங்களேன்"ங்கிறா நம்ம வீட்டம்மா சுலைஹா. கோணமா! இருவத்தாறு வருசமா கோட்டுக்கு நேரா முட்டி போட்டு, சாணியில உக்காந்து எடுக்கிறேன், எனக்கா கோணம் மாறும்? கல்யாணம்... கல்யாணம் பெரிய வேலைதாண்ணே. இல்லேங்கல. இந்த வருசம் பூரா அத நம்பித்தான் இருந்தோம்.

என்ன, எந்திரிச்சிட்டீங்க? போட்டோவா? எடுக்கலாம், எடுக்கலாம், எங்க போயிரும்? எந்திரிச்சதும் நல்லதாப் போச்சு. வாசலுக்கு வாங்க, அந்த ஃப்ளெக்ஸோட முனையக் கொஞ்சம் புடிங்க.

இறக்குறதா? யாருண்ணே சொன்னா? இழுத்துப் புடிங்க. காத்துல மடிப்பு விழுந்து அந்தக் கால மறைக்குது.