வெந்நீர் சுடாத வீடு

தலைமை நாற்காலியில், தலைக்கு மேல் தடதடக்கும் மின்விசிறியைத் தாங்கிக்கொண்டு தளராமல் அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே! அவருக்கு வலமும் இடமும் வீற்றிருந்து, கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கும் செயற்குழுவினரே! குழாயில் காற்று மட்டுமே வந்த காலத்திலும் இந்தக் குடியிருப்பைக் கைவிடாமல் காத்த மூத்தோர்களே! வீட்டில் எல்லோரும் குளித்து முடித்தபின், ஆறிப்போன மிச்சத்தில் அவசரமாகக் குளித்துவிட்டு, அதை முகத்தில் காட்டாமல் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் சாய்ந்து நிற்கும் தம்பிமார்களே, தங்கைமார்களே! உங்கள் அனைவருக்கும் என் அன்பு கனிந்த வணக்கம்.

என்னை உங்களில் பலருக்குத் தெரியும். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பிரேக் எது, ஆக்ஸிலரேட்டர் எது என்று அறியாதவர்களுக்குப் பக்கத்தில் பகலெல்லாம் உட்காருவதே என் பிழைப்பு. ஆகவே எனக்குப் பதற்றம் வராது, பரவசமும் வராது. இன்று எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு வெந்நீர். கொதிக்கும் தலைப்பைக் குளிர்ந்த ஆளிடம் கொடுத்திருக்கிறார்கள். தலைவர் சிரிக்கிறார், நன்றி ஐயா.

உங்கள் முன் ஒரு தீர்மானம் இருக்கிறது. பழைய ஹீட்டர் பழுதானால், அதே மாதிரி இன்னொன்றை மாட்டாமல், கூரையில் வெயிலில் சூடேறும் தொட்டியையோ, காற்றிலிருந்து சூட்டை இழுக்கும் புதிய மெஷினையோ மாட்டலாமா, வேண்டாமா? இதுதான் கேள்வி. நான் விற்பவள் அல்ல. உங்கள் குளியலறையில் எது தொங்கினாலும் எனக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. கண்டதைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் மொழியில் ஓர் அழகான சொல் இருக்கிறது: விளாவுதல். கொதிக்கும் நீரில் பச்சைத் தண்ணீரைக் கலந்து பதமாக்குவது. அழகான சொல்தான், ஆனால் அந்தச் சொல்லுக்குள் நம் அசட்டுத்தனம் முழுதும் அடங்கியிருக்கிறதே, பார்த்தீர்களா? முதலில் மின்சாரத்தை வாரி இறைத்து, கை வைக்க முடியாத அளவுக்குக் கொதிக்க வைக்கிறோம். பிறகு குளிர்ந்த நீரை ஊற்றி அந்தச் சூட்டை நாமே கொல்கிறோம். ஏன் சுட வைத்தோம்? எதற்காக ஆற வைத்தோம்? நம் மேனிக்கு வேண்டியது வெதுவெதுப்பு. நாம் வைப்பதோ முட்டை வேகும் கொதிப்பு!

புதிய மெஷின் என்ன செய்கிறது? உங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் பின்பக்கத்தைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? சூடாக இருக்கும். உள்ளே இருக்கும் சூட்டை உறிஞ்சி வெளியே தள்ளுகிறது. அதே வேலையைத்தான் இந்த மெஷினும் செய்கிறது. சுற்றியுள்ள காற்றின் சூட்டை உறிஞ்சி, தொட்டித் தண்ணீருக்குள் தள்ளுகிறது. சூட்டை உண்டாக்குவதில்லை, இடம் மாற்றுகிறது. அதனால் மின்சாரம் குறைவாகவே பிடிக்கும். ஆனால் ஒன்று. நிதானமாக வேலை செய்யும். பொறுமை கொண்டது. நம்மைப் போல் இல்லை.

என்னம்மா கேட்கிறீர்கள்? கரண்ட் போய்விட்டால் என்ன செய்வதா? தொட்டிக்குக் கனத்த போர்வை போர்த்தியிருக்கிறார்கள். ஃபிளாஸ்கில் ஊற்றிய காபிபோல் சூடு அப்படியே நிற்கும். நல்ல கேள்வி. பின்வரிசையில் கொட்டாவி விட்ட ஐயா, அடுத்த கேள்வி உங்களுடையது.

இனி என் அண்ணன் வீட்டுக்கு வாருங்கள்.

என் அண்ணன் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். ஊரார் எழுத்தில் ஒற்றுப் பிழை ஒன்றுகூட அவரிடம் தப்பாது. என் அண்ணி, குளிர்பதனக் கிடங்கில் காய்கறிகளைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்குபவர். உறைபனிக்குள் நின்று வேலை. மாலையில் அவர் வீடு திரும்பும்போது விரல்கள் வெளுத்து, மரத்து, பொத்தானைக்கூடக் கழற்ற வராது. மருத்துவர் சொல்லிவிட்டார்: வந்ததும் கையை வெதுவெதுப்பான நீரில் வைக்க வேண்டும், இல்லையென்றால் அந்த வேலையையே விட்டுவிட வேண்டும். அண்ணிக்கு அந்த வேலை பிடிக்கும். அவரைப் பிரிவின் பொறுப்பாளராக்கப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஆகவே, அவையோரே, அந்த வீட்டில் வெந்நீர் என்பது சுகம் அல்ல. ஒரு பெண்ணின் விரல்! அவள் விரும்பிய வேலை!

அந்த நேரம் பார்த்துப் பழைய ஹீட்டர் புகைந்து போயிற்று. அண்ணன் என்ன செய்தார்? நாலு பேரை விசாரித்தார், நாள் கணக்கில் யோசித்தார், மனைவியின் கைக்காகவே புதிய மெஷினை வாங்கி மாட்டினார். மாட்டிய அன்று எனக்குப் போன் போட்டு, "உங்க அண்ணி இனிமே கை விறைக்குதுன்னு சொல்லவே மாட்டா, பாரேன்!" என்றார். அவ்வளவு பெருமை!

ஆனால் வெந்நீர் வந்ததா? வரவில்லை. அண்ணி வரும் நேரத்தில் குழாயைத் திறந்தால் பச்சைத் தண்ணீருக்குப் பக்கத்து வீட்டுத் தண்ணீர் வந்தது. சுட்டும் சுடாமலும், தொட்டும் தொடாமலும், கொஞ்சம் வெதுவெதுப்பு. அதுவும் நொடியில் போய்விடும். மெஷினிலிருந்து குளிர்ந்த காற்று மட்டும் குறைவில்லாமல் வீசியது. "நான் நாள் பூரா நிக்கிற கிடங்கை வீட்டுக்குள்ளயே கொண்டுவந்து மாட்டிட்டாரு," என்று அண்ணி என்னிடம் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டார்.

மெக்கானிக் வந்தார். பிரித்தார், பார்த்தார், மாட்டினார். மெஷினில் ஒரு குறையும் இல்லை. கடைசியில் சரியான கேள்வியைத்தான் கேட்டார்: "எப்பவும் போட்டுத்தானே வச்சிருக்கீங்க?" அண்ணனும் சத்தியமான பதிலைத்தான் சொன்னார்: "எப்பவும் போட்டுட்டுத்தாங்க குளிக்கிறோம்." மெக்கானிக் காதில் 'எப்பவும்' விழுந்தது, 'போட்டு' விழுந்தது. திருப்தியாகக் கிளம்பிவிட்டார். கேட்டவரும் பொய் சொல்லவில்லை, சொன்னவரும் பொய் சொல்லவில்லை. நடுவில் தமிழ் ஒரு சின்ன விளையாட்டு விளையாடிவிட்டது.

மூத்தவர்கள் சிலர் இப்போதே சிரிக்கிறீர்கள். பிடித்துவிட்டீர்கள் போலும். பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிவிடாதீர்கள், நான் இன்னும் பேச வேண்டும்.

ஒரு மாலை அண்ணி நேரே தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். இரண்டு நாளில் வருவதாகச் சொன்னவர் வரவில்லை. நான் போனேன். சமையலறை மேசையில், கெட்டிலில் சுட வைத்த நீரைப் பாத்திரத்தில் ஊற்றி, விளாவி, இரண்டு கைகளையும் அதில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். பொறுப்பாளர் வேலைக்குத் தன் பெயரை வேண்டாமென்று சொல்லிவிடப் போவதாகச் சொன்னார். விரல் கேட்கவில்லையாம்.

"அண்ணி, அதுக்காகவா வீட்டை விட்டு வந்தீங்க?"

"தண்ணிக்காக யாராச்சும் வருவாங்களா? நான் வர்ற நேரம் அந்த மனுஷனுக்குத் தெரியும். என் கை தெரியும். அப்படியும் பில் ஏறக்கூடாதுன்னு சுடாத மெஷினா பாத்து வாங்கி மாட்டியிருக்காரு. உங்க அண்ணனுக்கு நான் பெரிசா, கரண்ட் பில் பெரிசா? அதை மட்டும் கேட்டுச் சொல்லு. வேற ஒண்ணும் வேண்டாம்."

அவையோரே! நீதிமன்றங்கள் எத்தனை இருக்கின்றன! வழக்கறிஞர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்! இந்தக் கேள்விக்கு எந்தச் சட்டப் புத்தகத்தில் பதில் இருக்கிறது?

அண்ணனிடம் போனேன். மனிதர் சவரம் செய்யவில்லை. "மெஷின் ஏமாத்திருச்சு," என்றார். "அவ கேட்டது ஞாயம்தான். கழட்டி எறிஞ்சுட்டுப் பழையபடியே ஒண்ணை வாங்கிடறேன். வா, நேர்ல போய்ச் சொல்லிக் கூட்டிட்டு வரலாம்." எழுந்தார். சட்டையை மாட்டினார். ஜன்னலைச் சாத்தினார். விளக்கை அணைத்தார். போகிற போக்கில் குளியலறைச் சுவர்ப் பக்கம் கை நீண்டது. டக்!

பிழை திருத்துபவரின் கண்ணுக்குத் தெரியாத பிழை அவருடைய கையிலேயே இருந்தது.

எங்கள் வீட்டில் நாங்கள் பேசக் கற்றபோதே கற்ற வாக்கியம் ஒன்று உண்டு: "அணைச்சியா?" விளக்கை அணைச்சியா, அடுப்பை அணைச்சியா, ஹீட்டரை அணைச்சியா. உங்கள் வீட்டிலும் இருக்குமே? குளித்து முடித்து ஈரக்கால் வெளியே வைக்கும் முன் இந்தக் கேள்வி முதுகில் வந்து விழும். பழைய ஹீட்டருக்கு அது நல்ல பாடம். புதிய மெஷினுக்கோ? அண்ணன் காலையில் குளித்ததும் அணைப்பார். மாலையில் அண்ணி பஸ்ஸை விட்டு இறங்கும் நேரத்துக்குப் போடுவார். பாவம், நிதானமாகச் சூடேறும் அந்த மெஷின் கண்ணைக் கசக்கி எழுவதற்குள் அண்ணி குழாயைத் திறந்துவிடுவார்! சிக்கனம் பழகிய கை, சிக்கனமான மெஷினைச் செயல்பட விடவில்லை.

நான் கத்தவில்லை. பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பவரிடம் கத்தினால் இன்னும் அழுத்துவார், அது என் தொழில் அனுபவம். மெதுவாகக் கேட்டேன்: "அண்ணா, அதை எதுக்கு அணைச்சே?"

"வீட்ல ஆள் இல்லாதப்போ எதுக்கு ஓடணும்?"

"ஆள் வர்றதுக்கு முன்னாடி சுட வேண்டாமா?"

அண்ணன் ஸ்விட்சைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மெக்கானிக்குக்குப் போன் செய்தோம். அவர் அந்தப் பக்கம் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் இங்கே கேட்டது. "அடக் கடவுளே! நானும் 'போட்டு'ன்னு காதுல விழுந்ததும் சரின்னு வந்துட்டேனே. விட்டுடுங்க சார், அது பாட்டுக்கு இருக்கட்டும். தண்ணி சூடானதும் அதுவே நின்னுக்கும்."

அன்பார்ந்த பெருமக்களே! பழைய ஹீட்டரைக் கழற்ற ஓர் ஆள் போதும். பழைய பழக்கத்தைக் கழற்ற யாரைக் கூப்பிடுவது? சுவரில் தொங்குவதை மாற்றுகிறோம், கையில் தொங்குவதை மாற்றுகிறோமா? பழைய ஹீட்டர் கேட்ட பிறகு கொடுத்தது. இந்த மெஷின் கேட்கும் முன்பே வைத்திருக்கும். அலுத்து வருகிறவளுக்கு, அவள் வாய் திறந்து கேட்கும் முன்பே ஆயத்தமாக இருப்பது அல்லவா வெந்நீர்! அதற்குப் பெயர் அல்லவா வீடு! மின்சாரம் மிச்சமாவது நல்லது, மறுக்கவில்லை. மனிதர்கள் மிச்சமாவது அதைவிட நல்லது.

கைதட்டலுக்கு நன்றி. தலைவர் மணியைத் தொடுகிறார். முடிவைச் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

மறுநாள் மாலை அண்ணன் கிடங்கு வாசலிலேயே போய் நின்றார். என்ன பேசினாரோ, எனக்குத் தெரியாது. அண்ணி கூட வந்தார். நானும் வீட்டில் இருந்தேன். அண்ணி செருப்பைக்கூடக் கழற்றவில்லை, நேரே போய்க் குழாயைத் திறந்தார். ஆவி எழுந்தது. வெளுத்திருந்த விரல்களை நீட்டினார். விரல் நுனியில் மெல்ல மெல்ல ரத்தம் வந்து சிவப்பதை நாங்கள் மூவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அண்ணன் அழுதார். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், ஒப்புக்கொள்கிறேன்.

குழாயை மூடினார் அண்ணி. எங்கள் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு வந்து பழகிய கை அல்லவா? ஈரம் துடைத்துக்கொண்டே அது தானாக ஸ்விட்சை நோக்கிப் போனது.

அண்ணன் வீடே அதிரக் கத்தினார்: "அணைக்காதே!"

அண்ணி திரும்பினார். அந்த வீட்டில் அந்தச் சொல்லை அவர் கேட்டதே இல்லை. சிவந்த கைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, மிக நிதானமாகக் கேட்டார்: "எதை? மெஷினையா, உங்களையா?"

அவையோரே, அண்ணன் மெஷினை அணைக்கவில்லை என்பதற்கு நான் சாட்சி. அதற்கு மேல் சாட்சி சொல்ல நான் அங்கே நிற்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு கீழே இறங்கி வந்துவிட்டேன்.

இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்ட தலைவர் அவர்களுக்கும், தாய்மார்களுக்கும், பெரியோர்களுக்கும், இப்போது விழித்துக்கொண்ட பின்வரிசை ஐயாவுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வீட்டுக்கு வருகிறவருக்காக ஒரு கை வெந்நீர் எப்போதும் காத்திருக்கட்டும். வணக்கம்.