எடை குறைந்த லேப்டாப்

லேப்டாப் வாங்குவது என்றால் முதலில் எடையைப் பாருங்கள், ஐயா. கடைக்காரர் திரையின் பளபளப்பைத்தான் காட்டுவார், அதில் மயங்கிவிடக் கூடாது. உங்கள் மகள் சொந்தமாகத் தொழில் தொடங்குகிறாள், எதை வாங்குவது என்று தெரியாமல் முழிக்கிறாள் என்று சற்று முன் சொன்னீர்கள். தேநீர் வந்த இடைவெளியில் பேச்சுக்குக் கேட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன். என்னிடம் யாரும் யோசனை கேட்பதில்லை, அதனால் கேட்பவர்களுக்கு ஒழுங்காகப் பதில் சொல்வது என் வழக்கம்.

எடைக்கு அடுத்தது பேட்டரி. அதற்கும் மேலே ஆபரேட்டிங் சிஸ்டம். தொழிலுக்கு வாங்குகிறவர்கள் கோட்டை விடுவது அங்கேதான். பழையதில் ஓடிய புரோகிராம்கள் புதியதில் ஓடுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டுத்தான் வாங்க வேண்டும். நான் கேட்டேன். கேட்காமல் வாங்கிவிட்டான் என்று என்னை யாரும் சொல்ல முடியாது.

எங்களுடையது லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனி என்பது உங்களுக்குத் தெரியும். அப்பா தொடங்கியது. அவருக்குப் பிறகு நானும் தம்பியும் நடத்தினோம். தம்பிக்கு ஐந்து வயதில் காய்ச்சலில் பார்வை போனது. அதற்காக அவனை யாரும் பாவம் பார்க்கத் தேவையில்லை, அவன் பாவம் பார்க்க விடவும் மாட்டான். அவனுடைய பழைய லேப்டாப்பில் பேசுகிற புரோகிராம் ஒன்று இருந்தது. திரையில் இருப்பதையெல்லாம் அது வாசிக்கும். அதன் வேகத்தை அவன் ஏற்றி வைத்திருந்ததால் எங்கள் காதுக்கு வெறும் கரகரப்புதான் கேட்கும். அவனுக்கு ஒரு சொல் தப்பாது. மெக்கானிக்குகள் அவனுக்கு ரேடியோ என்று பெயர் வைத்திருந்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டே அந்தப் பெயருக்குத் திரும்புவான்.

நானும் அவனும் எதிரெதிர் மேசை. நாள் முழுக்க அந்தப் பெட்டி அவனிடம் என்னமோ சொல்லும், அவன் தலையாட்டுவான், சில சமயம் தனக்குள் சிரித்துக்கொள்வான். பதினோரு வருடம். என்னைப் பற்றித்தான் பேசுகிறதோ என்று தோன்றும். பைத்தியக்காரத்தனம்தான், தெரியாமல் இல்லை.

போன் அடித்தால் பெரும்பாலும் நான்தான் முதலில் எடுப்பேன். எடுத்து வணக்கம் சொன்னால் மறுமுனையில், "தம்பி இல்லையா? தம்பிகிட்ட குடுங்களேன்." என் கையில் ரிசீவர் இருக்கும்போதே அப்படிக் கேட்பார்கள். அவன் குரலை வைத்தே ஆளைக் கண்டுபிடிப்பான். எந்தக் கட்டடத்தில் எந்தக் கதவு சிக்கும் என்று மனப்பாடம். அப்பாகூடக் கடைசி நாட்களில் கம்பெனி விவகாரம் எதுவானாலும் அவனைத்தான் கூப்பிட்டுக் கேட்டார். நான் கட்டில் பக்கத்தில் மருந்து டம்ளரோடு நின்றுகொண்டிருப்பேன். இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

பழைய லேப்டாப் சூடாகத் தொடங்கியது. ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குப் பாதுகாப்பு அப்டேட் வருவதும் நின்றுபோயிருந்தது. அதில் வாடிக்கையாளர் விவரங்களை வைத்திருப்பது ஆபத்து. இது யாரும் ஒப்புக்கொள்கிற காரணம். புதிதாக இரண்டு வாங்கலாம் என்றேன். தம்பி சந்தோஷப்பட்டான். "எதை வேணாலும் வாங்குண்ணா, என்னோட புரோகிராமும் நம்ம பதிவேடும் அதுல ஒண்ணா ஓடுமான்னு மட்டும் ஒரு வார்த்தை கேட்டுடு" என்றான். மறுநாளும் சொன்னான். நான் செருப்பு மாட்டும்போது வாசல் வரை வந்து மூன்றாவது தடவையும் சொன்னான்.

கடைக்காரர் நல்ல மனிதர். இரண்டு மாடல்களை எடுத்து வைத்தார். விலை ஒன்றுதான். ஒன்றில் பழைய புகார்ப் பதிவேட்டையும் பேசுகிற புரோகிராமையும் அப்படியே மாற்றிக்கொள்ளலாம். மற்றதில் வேறு ஆபரேட்டிங் சிஸ்டம், அதில் இரண்டுமே ஓடாது. அதற்கென்று தனியாக ஒரு குரல் இருக்கிறது, ஆனால் அதில் புதிதாகப் போட வேண்டிய பதிவேட்டை அந்தக் குரலால் வாசிக்க முடியாது என்றார். கண் தெரியாதவர் யாராவது பயன்படுத்துவார்களா என்றும் கேட்டார். முதல் மாடல் முந்நூறு கிராம் அதிக எடை. நான் இரண்டையும் கையில் தூக்கிப் பார்த்தேன். முந்நூறு கிராம் என்பது சின்ன விஷயம் இல்லை, ஐயா. தோளில் மாட்டிக்கொண்டு நடந்தால் தெரியும். அப்படி யாரும் பயன்படுத்துவதில்லை என்று சொல்லிவிட்டு எடை குறைந்ததை வாங்கினேன்.

அந்த இரண்டு லேப்டாப்பும் இன்றுவரை மேசையை விட்டு நகர்ந்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது எங்கள் வேலைமுறை ஒன்றை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். மெக்கானிக் லிஃப்ட் குழிக்குள் இறங்கும் முன் கரண்டை நிறுத்திவிட்டு ஆபீசுக்குப் போன் செய்வான். ஏறி வந்ததும் இன்னொரு போன். உள்ளே சிக்னல் கிடைக்காது, நாம் கூப்பிட்டால் போகாது. அதனால் ஆபீஸ் "போடலாம்" என்று சொல்லாமல் கட்டடத்து ஆள் சுவிட்சைத் தொடக் கூடாது. அப்பா வைத்த சட்டம் அது. பழைய பதிவேட்டில் அந்தக் கட்டடத்தின் வரிசையில் "உள்ளே ஆள்" என்று எழுதியிருக்கும். தம்பியின் பெட்டி அதை வாசிக்கும். பதினோரு வருடத்தில் ஒரு கீறல்கூட யாருக்கும் விழுந்ததில்லை.

புதுப் பதிவேட்டை அமைக்க வந்தவர், அந்த எழுத்தை வைக்கவா அல்லது நிறம் மாறினால் போதுமா என்று கேட்டார். நிறம் போதும் என்றேன். ஆள் உள்ளே இருந்தால் அந்த வரிசை சிவப்பு, இல்லாவிட்டால் வெள்ளை. பார்க்கச் சுத்தமாக இருந்தது. என் மனைவி அன்று சாப்பாடு கொண்டுவந்தவள் எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி இதை எப்படிங்க தெரிஞ்சுக்குவாரு?" என்றாள். பழகிக்கொள்வான் என்றேன்.

அவன் திறந்தால் அந்தக் குரல் "அட்டவணை, அட்டவணை" என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். முதல் இரண்டு நாள் பொத்தான்களைத் தடவித் தடவிப் பார்த்தான். பழைய லேப்டாப்பைக் கேட்டான். கடையில் கொடுத்துவிட்டேன் என்றேன். அது என் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை. மெக்கானிக்குகளின் போனை நானே எடுத்துக்கொண்டேன், நிறத்தையும் நானே மாற்றினேன். வாடிக்கையாளர்கள் மட்டும் இன்னும் அவனையே கேட்டார்கள். அவர்கள் பேசும்போது அவன் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, "அண்ணா, ஆறு மாடி என்ன கலர்?" என்பான். நான் உடனே சொல்ல மாட்டேன். ஒரு வாய் தண்ணீர் குடிப்பேன், மூக்குக்கண்ணாடியைத் துடைப்பேன், பிறகு சொல்வேன். அவன் முகத்தைத் திருப்பிக் காத்துக்கொண்டிருப்பான். ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை அவன் என்னிடம் கேட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது. அந்த மூன்று வாரமும் எனக்கு நல்ல பசி எடுத்தது, படுத்தவுடன் தூக்கம் வந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை விஷயத்துக்கு வருகிறேன். ஒன்பது மாடிக் கட்டடத்துக்கு நெட்டை போயிருந்தான். எங்களிடம் இருந்ததிலேயே உயரமான மெக்கானிக், அதனால் அந்தப் பெயர். ஒன்று ஐம்பதுக்குப் போன் செய்தான். "இறங்குறேன்ணே. ரேடியோ சாப்பிட்டாரா?" என்று கேட்டான். சாப்பிட்டான் என்று சொல்லிவிட்டு வரிசையைச் சிவப்பாக்கினேன். தம்பி அப்போது கை கழுவப் போயிருந்தான்.

இரண்டேகாலுக்கு அந்தக் கட்டடத்துக் காவலாளி கூப்பிட்டார். வயதானவர்கள் கீழே காத்திருக்கிறார்கள், கரண்டைப் போடலாமா என்று கேட்டார். போனை எடுத்தவன் தம்பி. நான் தேநீர் குடிக்கக் கீழே போயிருந்தேன், எனக்கு எதுவும் தெரியாது என்று உங்களிடம் இரண்டு முறை எழுதிக் கொடுத்திருக்கிறேன். நான் கீழே போகவில்லை. மூன்றடி தள்ளி உட்கார்ந்திருந்தேன்.

அவன் ரிசீவரைப் பொத்திக்கொண்டு கேட்டான்.

"அண்ணா, ஒன்பது மாடி என்ன கலர்?"

திரையில் சிவப்பு. இருபத்தைந்து நிமிடத்துக்கு முன்னால் நானே போட்ட சிவப்பு. அன்று நான் தண்ணீர் குடிக்கவில்லை, கண்ணாடி துடைக்கவில்லை.

"வெள்ளைதான்டா" என்றேன்.

நெட்டைமேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. தம்பிக்கு ஒரு தவறு நேரட்டும் என்றுதான் நினைத்தேன். நெட்டை இதற்குள் ஏறியிருப்பான், அல்லது லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி நிற்கும், அவன் பயந்து கத்துவான், தம்பி இனி வீட்டில் ஓய்வாக இருக்கட்டும் என்று எல்லோருமே சொல்வார்கள். இவ்வளவுதான் கணக்கு. தம்பியின் நல்லதுக்குத்தான் என்றுகூட எனக்குத் தோன்றியது. அவன் காவலாளியிடம் "போடலாம்" என்றான். அவன் குரல் எப்போதும் போல நிதானமாக இருந்தது. ஏறி வந்துவிட்டேன் என்ற நெட்டையின் போன் வரவேயில்லை.

நெட்டையின் அம்மா மறுநாள் ஆபீசுக்கு வந்தார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் என்னைக் கடந்து போய்த் தம்பியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "உன்னைப் பத்தியே பேசிக்கிட்டு இருப்பான்பா" என்றார். அவன் அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். பிள்ளையைப் பறிகொடுத்த அந்த நிலையிலும் அந்த அம்மா என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு ஸ்டேஷனிலிருந்து உங்கள் ஆட்கள் வந்தார்கள். யாரைக் கேட்டுப் போடச் சொன்னாய் என்று கேட்டார்கள். யாரையும் கேட்கவில்லை, நானே ஒரு குருட்டு நம்பிக்கையில் சொல்லிவிட்டேன், அண்ணன் அப்போது அறையிலேயே இல்லை என்றான். நான் கீழே போனதாகச் சொன்னதெல்லாம் அதற்குப் பிறகுதான், ஐயா. அந்தப் பொய்யை எனக்கு எடுத்துக் கொடுத்ததே அவன்தான். அவனுக்குத் தெரியும். நான் சொன்ன அந்த ஒரு வார்த்தையும், அது எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதும் அவனுக்கு மறக்காது.

வண்டியில் ஏற்றும்போது என் கையைத் தேடிப் பிடித்தான். "அந்தப் பதிவேட்டுல எழுத்தையும் சேர்க்கச் சொல்லிடுண்ணா, நாளைக்கு வேற யாராவது மாட்டிக்கப் போறாங்க" என்றான். நேற்று பழைய லேப்டாப்பை வெளியே எடுத்து மின்சாரம் கொடுத்தேன். அது கரகரவென்று ஏதோ சொன்னது. அரைமணி நேரம் காது கொடுத்துக் கேட்டேன், ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை.

இன்று நீங்கள் கூப்பிடாமல் நானாகத்தான் வந்தேன். இதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நீங்கள் இதை அவனுக்கு வாசித்துக் காட்டினால் மறுப்பான். அண்ணன் என்னைக் காப்பாற்றப் பார்க்கிறார், பாவம் என்பான். அந்த நிதானமான குரலில் சொல்வான். காவலாளிக்குப் போனில் கேட்டது அவன் குரல்தான். பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள், ஐயா. உங்கள் பார்வையிலேயே தெரிகிறது, உங்களுக்கும் அவனைத்தான் பிடித்திருக்கிறது.

இந்தப் பழி ஒன்றாவது என் பெயரில் இருக்கட்டும் என்று வந்தேன். இதையும் தம்பியே எடுத்துக்கொண்டான்.