பச்சை போடாத மொஹிங்கா

...இல்ல, நான் கேக்குறேன், அந்த மரத்தடியில நின்னா நனையாம என்ன பண்ணுவே? மழைக்காலம் பூரா மரம் ஒழுகும். எங்க வீட்டை வேவு பாக்கத்தானே உன்னை நிறுத்தி வெச்சிருக்காங்க? இப்படி வாசப்படியில வந்து உக்காந்து பாரேன். கிட்டக்க நல்லாத் தெரியும். கூச்சப்படாதே தம்பி, தெருவுக்கே தெரியும் நீ யாருன்னு. ரங்கூன்ல லுங்கியை இவ்வளவு மடிப்புக் கலையாம கட்டிக்கிட்டு, வேலையில்லாம நிக்கிறவன் வேற யாரு? உக்காரு. டீயைக் குடி. விஷம்லாம் இல்ல, சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல்.

இந்தா பாரு, எங்க வீட்டுக்காரர் ஊ சான் தூன் விஷயத்துல உங்க ஆளுங்க பண்ணினது எனக்கு சுத்தமாப் பிடிக்கலை. பிடிச்சிட்டுப் போனதைச் சொல்லலை, அது வேற. எதுக்காகப் பிடிச்சிட்டுப் போனாங்க பாரு, அதைச் சொல்றேன்!

அந்த மனுஷன் 'படகு'ன்னு ஒரு வாரப் பத்திரிகை நடத்தினாரா... ஆமா, உனக்குத் தெரியாதா பின்னே. கரேன் மலைப் பக்கம் பட்டாளம் சண்டை போடுற இடத்துக்கெல்லாம் போவாரு. காய்ச்சலோட வருவாரு. எரிஞ்ச ஊரு, சால்வீன் ஆத்தைத் தாண்டி ஓடுற ஜனங்க, மூட்டை தூக்கன்னு பட்டாளம் இழுத்துட்டுப் போன ஆம்பளைங்க, எல்லாத்தையும் எழுதுவாரு. தணிக்கை ஆபீசுக்காரங்க என்ன பண்ணுவாங்க? அது மேலயெல்லாம் வெள்ளிச் சாயத்தைப் பூசச் சொல்லிடுவாங்க. பக்கம் பூரா பளபளன்னு ஆயிடும். இவரு அதைத் தூக்கிப் பிடிச்சு, "பாரு, இதுல முகம் பாத்து தலை வாரிக்கலாம்"னுவாரு. அந்த ஆளுக்குச் சிரிப்பு வேற! வாங்குறவங்க பெட்ரோலைத் தொட்டு மெதுவாத் தேய்ச்சு அடியில இருக்கிறதைப் படிப்பாங்களாம். பஸ்சுக்கே பெட்ரோல் கிடைக்காத ஊருல, படிக்கிறதுக்கு மட்டும் எங்கேர்ந்துதான் வருமோ! நீ தேய்ச்சிருக்கியா? சரி சரி, சொல்ல வேணாம்.

இத்தனை வருஷம் போரைப் பத்தி எழுதின மனுஷனை யாரும் தொடலை. கடைசியில எதுக்குப் பிடிச்சாங்க? மொஹிங்காவுக்கு! மீன் குழம்பு ஊத்தின நூடுல்சுக்கு ஒரு சமையல் குறிப்பு, அதுக்கு!

பத்திரிகையில வர்ற சமையல் பக்கத்தை மட்டும் தணிக்கை ஆபீசுல யாரும் படிக்கிறதில்லை. முத்திரையைக் குத்தி அனுப்பிடுவாங்க. அதுல என்ன வந்திருந்துச்சு? "மீன் குழம்புல பலதும் கலந்து கொதிக்கணும். பச்சையை அள்ளிக் கொட்டாதீங்க. அது மட்டும் மேலே ஏறி நின்னா மீனும் தெரியாது, வெங்காயமும் தெரியாது. கரண்டியால வழிச்சு வெளியே போடுங்க, குழம்பு தானே தெளியும்." அவ்வளவுதான்! பச்சைன்னா கொத்தமல்லி. குழந்தைக்குக்கூடத் தெரியும்.

ஆனா இந்த ஊரு ஜனங்க இருக்காங்களே... அந்த வாரமே டீக்கடைக்கு டீக்கடை, "அண்ணே, ஒரு மொஹிங்கா, பச்சை வேணாம்!" பக்கத்து மேஜையில பச்சைச் சட்டை போட்ட சிப்பாய் உக்காந்திருந்தா இன்னும் சத்தமா, "பச்சையை வழிச்சு வெளிய போட்டுட்டுக் குடுங்கண்ணே!" கடையே சிரிக்குமாம். மார்க்கெட்ல கொத்தமல்லி விக்கிறவ என்கிட்ட வந்து ஒரே அழுகை. இலையெல்லாம் வாடிப் போகுதாம், நான் என்ன பண்ணட்டும்?

அப்புறம் ஒரு மேஜர் வந்தாரு. நாங்க சாப்பிட உக்காந்திருந்தோம். "இதை எழுதினது யாரு?"ன்னாரு. நான் வாயைத் திறக்கப் போறேன், மேஜைக்கு அடியில என் கால் மேல ஏறி மிதிச்சாரு பாரு எங்க வீட்டுக்காரர்... "நான்தான்"ங்கிறாரு! மேஜர் அவரை மேலயும் கீழயும் பாத்து, "உமக்குச் சமைக்கத் தெரியுமா?"ன்னாரு. "ஓ, நல்லா." "அப்ப மொஹிங்காவுக்கு முதல்ல என்ன பண்ணணும் சொல்லும்." இவரு கொஞ்சம் யோசிச்சு, "மீனை மொறுமொறுன்னு வறுக்கணும்"ங்கிறாரு!

வேக வெக்கிற மீனை வறுக்கணுமாம்! மொஹிங்காவுக்கு! தம்பி, எனக்கு வந்த ஆத்திரத்துல நானே அவரை ஜீப்புல ஏத்தி விட்டிருப்பேன். அந்த மேஜருக்கும் அடுப்பங்கரை எந்தத் திசையில இருக்குன்னு தெரியாது போல. தலையை ஆட்டிக்கிட்டு, கூட்டிட்டுப் போயிட்டாரு.

இப்ப ஜெயில்ல அவருக்குப் பேரே 'சமையல்காரர்'தானாம். கூட இருக்கிறவங்க வீட்டுச் சாப்பாட்டுக்கு ஏங்கிப்போய் அவர்கிட்ட குறிப்புக் கேக்குறாங்களாம். இவரும் அசராம சொல்றாராம்! வெளிய வந்து அதையெல்லாம் செஞ்சு பாத்து எத்தனை பேரு வயித்தைக் கெடுத்துக்கப் போறாங்களோ. பாக்கப் போனப்ப, "என் மானத்தை ஏன் வாங்குறீங்க"ன்னு திட்டினேன். சிரிச்சாரு. சிரிக்கும்போதுதான் பாத்தேன், பல்லு கிடுகிடுன்னு அடிச்சுக்குது. மலைக் காய்ச்சல் திரும்பிடுச்சு. மருந்து கொண்டு போனா வாசல்லயே வாங்கி வெச்சுக்கிறாங்க, உள்ள போறதில்ல. "நீயும் உள்ள வந்துட்டா எனக்குச் சோறு யார் கொண்டு வருவா? பேசாம இரு"ங்கிறாரு.

நான் என்னைக்குப் பேசாம இருந்திருக்கேன்?

அதனால இதை நல்லாக் கேட்டுக்கோ தம்பி. டீயைக் கீழ வை. அந்தக் குறிப்பை எழுதினது நான். அந்தப் பக்கம் ஆரம்பத்துலேர்ந்து நான் எழுதுறதுதான். அவருக்கு முட்டை அவிக்கக்கூடத் தெரியாது. இன்னொண்ணு... பச்சைன்னா கொத்தமல்லி இல்ல. எங்க மொஹிங்காவுல கொத்தமல்லி கைநிறைய விழும், இல்லாட்டி எனக்குத் தொண்டையில இறங்காது. நான் உங்க சட்டையைத்தான் சொன்னேன். உங்க மொத்தப் பட்டாளத்தையும்தான். அவரு எழுதி எழுதி அவங்க வெள்ளி பூசிப் பூசி... அதைப் பாக்கப் பாக்க எனக்குப் பொறுக்கலை, எழுதிட்டேன். நல்லாத்தான் எழுதினேன். இப்போ என்னைக் கூட்டிட்டுப் போ, அந்த மனுஷனை விடு. லுங்கிகூட மாத்திக்கிட்டேன், பையும் கட்டியாச்சு. கிளம்பலாமா?

என்ன, எழுந்துட்டே? குடையை எடு, எடு. அந்தப் பக்கம் எங்க போறே? உங்க ஜீப்பு இந்த முனையில இல்ல நிக்கும்? காதைப் பொத்திக்கிறியா? ஏம்ப்பா, நான் சொன்னது கேக்கலைன்னு ஆபீஸ்ல சொல்லப் போறியா? ஏய் தம்பி! நில்லு! ஓடாதே, வழுக்கும்! வாக்குமூலம் குடுக்குறவளைப் பாத்து வேவுக்காரன் ஓடுறதை எங்கயாவது பாத்திருக்கோமா...

சரி, போ. உனக்கும் வீட்ல அம்மா இருப்பா. நானே வர்றேன் உங்க ஆபீசுக்கு.

எந்த பஸ்ல ஏறணும்னாவது சொல்லிட்டுப் போயேன்!