கூழ் கரைத்த தண்ணீர்

வண்டி பறக்கிறது. போர்வெல் குழாய் ஏற்றும் என் சொந்த வண்டி. இன்று பின்னால் ஆட்கள். வாந்தி எடுக்கும் சத்தம். தார்ப்பாயில் அரிசி கழுவிய தண்ணீர் நிறத்தில் வயிற்றுப்போக்கு வழிகிறது. எதிரே வரிசையாகச் சுண்ணாம்புக்கல் லாரிகள். ஒருவனும் வழி விடவில்லை. நான் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. பக்கத்தில் என் தங்கை அஞ்சலை. கண் உள்ளே போய்விட்டது.

நேற்று ஆடி வெள்ளி. அம்மனுக்குக் கூழ் ஊற்றினோம். டேங்கில் பிளீச்சிங் பவுடர் போட்டால் கூழ் நாறும் என்று ஊரே சேர்ந்து தடுத்தது. காப்புக் கட்டியதிலிருந்து போடவில்லை. களி வெந்ததுதான். கரைத்தது பச்சைத் தண்ணீரில். சாக்கடையைத் தாண்டும் குழாய் உடைந்திருந்தது பிறகுதான் தெரிந்தது.

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். இன்று இரண்டு போர்வெல் வண்டிக்கு முதலாளி. பெரம்பலூர், அரியலூர் பக்கம் நான் தண்ணீர் காட்டாத ஊர் குறைவு. சும்மா சொல்லவில்லை, கேட்டுப் பாருங்கள்.

பெரம்பலூர் ஆஸ்பத்திரி. இறக்கினோம். நர்ஸம்மா கேட்டார்: "எல்லாரும் ஒரே தண்ணியாங்க?"

தலையாட்டினேன்.

"அப்ப ஊருக்கு ஓடுங்க. குடிக்கிறத நிறுத்துங்க."

அஞ்சலை என் சட்டையைப் பிடித்திருந்தாள். விரல்களைப் பிரித்துவிட்டுத் திரும்பினேன்.

ஊரில் ஒலிபெருக்கி பாடுகிறது. குழாயடியில் குடங்கள். கத்துகிறேன்.

"புடிக்காதீங்க! கொட்டுங்க! கூழயும் கொட்டுங்க!"

"என்னண்ணே, ஆத்தா கூழக் கொட்டச் சொல்றீங்க? வாய் அழுகிடும்," என்றாள் ஒருத்தி.

"போர்வெல்காரருக்கு யாவாரம் வேணும்டி. நாளைக்கே தெருவுக்கு ஒரு போர் போடச் சொல்லுவாரு பாரு," என்றாள் இன்னொருத்தி.

சிரித்தார்கள்.

டேங்க் வால்வை மூடினேன். கைப்பிடியைக் கழற்றி இடுப்பில் செருகினேன். "எவனாச்சும் வந்து புடுங்குங்கடா, பாப்பம்!" எவனும் வரவில்லை. என் உடம்பு அப்படி.

ஆனால் வீட்டுக்கு வீடு குடம் நிறைந்திருந்தது. கூழ் இருந்தது. அதற்கு வால்வு கிடையாது. பொழுது சாய்வதற்குள் மேலத்தெருவில் அழுகை. ஒலிபெருக்கி நின்றது. கிழக்கே இன்னொரு அழுகை. அப்புறம்தான் கொட்டினார்கள். தெருவெல்லாம் கூழ். நாய்கூட அண்டவில்லை.

நால்வர் போனார்கள். மறக்காமல் எழுதி வைக்கிறேன். பூசாரி ராமலிங்கம். கூழ் காய்ச்சிய செல்லம்மாள். காது குத்தாத ஒரு பெண்குழந்தை.

நான்காவது அஞ்சலை. எப்போது போனாள் என்று நர்ஸம்மாவிடம் கேட்டேன். நான் குழாயடியில் கத்திக்கொண்டிருந்த நேரம். பக்கத்தில் எங்கள் வீட்டு ஆள் ஒருவரும் இல்லை.