பாலத்துக்கிட்ட நாலாவது தடவை

— அசையாதீங்க. ரத்தம் கண்ணுக்குள்ள இறங்குது.

— விடு புள்ள. முதல்ல கதவு பூட்டியிருக்கான்னு பாரு.

— எந்தக் கதவு?

— ரெண்டும்தான். வாசக் கதவு, ஸ்டோர் ரூம் கதவு.

— வாசல்ல மூடியிருக்குன்னு பலகையைத் திருப்பி வெச்சுட்டுதான் வந்தேன். அஞ்சு மணி வரைக்கும் சாப்பிட ஒருத்தரும் வரமாட்டாங்க. ஸ்டோர் ரூமை எதுக்கு வெளியே தாழ் போட்டிருக்கீங்க?

— நீ முதல்ல உக்காரு, தன்மாயா.

— உக்கார்ற நேரமா இது? மேஜைத்துணி துவைக்கப் போயி முழுசா ரெண்டு மணி நேரம் ஆகல. அதுக்குள்ள மூஞ்சி இப்படி வீங்கிக் கெடக்கு. அடுப்புகிட்ட ஒரு பல்லு கெடக்குதே, யாருது?

— அது என்னுது. மாவு டப்பாகிட்ட ரெண்டு கெடக்கு பாரு, அது அவருது.

— எவரு?

— வேற எவரு? குலானந்த் முதலாளிதான்.

— ஐயோ சாமி. அடிச்சீங்களா? நீங்களா?

— நான்தான். எனக்கே நம்ப முடியலை. இல்ல, அந்தக் கையைப் பிடிக்காத, சுண்டுவிரல் ஒடிஞ்சிருக்கு.

— உசுரு இருக்கா அவருக்கு?

— இருக்கு இருக்கு. கேளு, முனகறாரு. அரிசி மூட்டை மேல சாஞ்சு கெடக்கறாரு.

— என்ன நடந்துச்சு? வெங்காயம் வாங்கத்தானே போனீங்க?

— வெங்காயம் வாங்கிட்டுத் திரும்பி வந்தேன். பாலத்துக்கிட்ட நிறுத்திட்டான் போலீஸ். நாலாவது தடவை. முதல்ல ரெண்டு பேரு, அப்புறம் கார்ல ரெண்டு பேரு. ஒரு மூட்டை வெங்காயத்துக்கு நாலு போலீஸு. ரோட்டுல போற கிழவிங்க சைக்கிளை விட்டு இறங்கி வேடிக்கை பாக்குது. சைக்கிள்ல ஒட்டியிருக்கற ஸ்டிக்கர் நம்பரை ரேடியோல படிச்சான். குலானந்துன்னு பேரு வந்துச்சு. நீதான் குலானந்தான்னு கேட்டான். இல்லய்யா, அவரு எங்க முதலாளி, கடை சைக்கிள்னு சொன்னேன். அப்போ இந்த நாட்டுல தங்கறதுக்குக் குடுத்த உன் கார்டைக் காட்டுன்னான்.

— நீங்க என்ன சொன்னீங்க?

— வழக்கமா சொல்றதுதான். ரூம்ல மறந்து வெச்சுட்டு வந்துட்டேன்னு.

— இந்தத் தடவையுமா?

— பின்ன என்ன சொல்றது?

— உள்ளதைச் சொல்றது. உங்க கார்டு, என் கார்டு, ரெண்டு பாஸ்போர்ட்டு, எல்லாத்தையும் ரெண்டு வருஷமா முதலாளி டிராயர்ல வெச்சுப் பூட்டியிருக்காருன்னு சொல்றது.

— உனக்கு என்ன, வாயால சொல்லிட்டே. சொன்னா அவருக்கு விலங்கு, நமக்கு ஊருக்குத் திருப்பி அனுப்பற விமானம். அவரு நம்ம ஊர்க்காரரு. நம்மளைக் கூட்டிட்டு வந்தவரு.

— கூட்டிட்டு வந்தவரு. உங்க அப்பா செத்தப்போ பாஸ்போர்ட்டைக் குடுத்தாரா கூட்டிட்டு வந்தவரு? பதிமூணு நாளும் துக்கம் காத்து உப்பில்லாம தின்னுட்டு இந்த அடுப்புல ரொட்டி சுட்டீங்க. மொட்டைத் தலையைப் பாத்தா சாப்பிட வர்றவங்களுக்கு அருவருப்பா இருக்கும்னு தொப்பி போட்டு மறைக்க வெச்சாரே, அதெல்லாம் மறந்து போச்சா?

— எதுவும் மறக்கலை. இல்ல, நீ கேளு. போலீஸ் இவருக்குப் போன் போட்டான். பத்தே நிமிஷத்துல வேனை எடுத்துட்டு வந்தாரு, பாக்கெட்ல என் கார்டோட. இடுப்பு ஒடியற மாதிரி ஒவ்வொருத்தனுக்கும் குனிஞ்சு கும்புடு. இந்தச் சந்தபீருப் பையனுக்கு மறதி அதிகம், நான்தான் பொறுப்பு, மன்னிக்கணும்னு ஒரே சிரிப்பு. அவங்களும் சிரிச்சுக்கிட்டே என்னைப் பிடிச்சு இவரு கையில குடுத்துட்டாங்க.

— உங்க கார்டு அவரு பாக்கெட்ல எப்படி வந்துச்சுன்னு ஒருத்தன்கூடக் கேக்கலையா?

— அவன் ஏன் கேக்கறான்? சைக்கிள் திருட்டு இல்லைன்னு ஆயிடுச்சு, கெளம்பிட்டான்.

— அப்புறம்?

— கடைக்கு வந்து வாசக் கதவைச் சாத்தினாரு. கடிகாரத்தைக் கழட்டி கல்லா மேல வெச்சாரு. அவரு கடிகாரத்தைக் கழட்டினா என்னன்னு உனக்குத் தெரியாதா?

— தெரியும்.

— உருட்டுக்கட்டையால முதல் அடி கண்ணு மேல. போலீஸை என் கடைக்கே கூட்டிட்டு வர்றியா நாயேன்னு ரெண்டாவது அடி. தடுக்கக் கையைத் தூக்கினேன், அதுல விரல் போச்சு. கீழ விழுந்தவனை வாயில மிதிச்சாரு. நான் எப்பவும் போல வாங்கிக்கிட்டுத்தான் கெடந்தேன் புள்ள. பொய் சொல்லலை. மூச்சு வாங்கி அவரே ஓஞ்சுடுவாருன்னு கெடந்தேன்.

— அப்புறம் இன்னைக்கு மட்டும் என்ன வந்துச்சு உங்களுக்கு?

— அந்தப் போலீஸ்ல கண்ணாடி போட்ட சின்னப் பையன் ஒருத்தன் இருந்தான். வேன் வர்றதுக்கு முன்னாடி என்கிட்ட வந்து நின்னான். பச்சைப்புள்ளைக்குச் சொல்ற மாதிரி மெதுவா சொன்னான், எனக்குப் புரியணும்னு. உன்னை நாங்களா நிறுத்தலை, போன் வருது, நாலு தடவையும் போன் வந்துதான் நிறுத்தினோம்னு சொன்னான்.

— போனா?

— போன். நீலச் சைக்கிள்ல ஒருத்தன் திருடிட்டுப் போறான், பாலத்துப் பக்கம் வர்றான்னு யாரோ சொல்லிட்டு வெச்சுடறாங்களாம்.

— யாருன்னு சொன்னானா?

— பேரு தெரியாதுன்னான். எனக்குத் தெரியாதா? நான் சைக்கிளை எடுத்துட்டுக் கெளம்பற அன்னைக்குத்தான் போன் போகுது. எந்த வழியாப் போறேன்னு தெரிஞ்சிருக்கு. இந்தக் கடையில இருக்கறது மூணே பேரு. நீ, நான், அவரு. வேற எவன் பண்ணுவான்?

— அவரைக் கேட்டீங்களா?

— கேட்டேன். கீழ கெடந்துக்கிட்டே கேட்டேன். ஏன்யா நீயே போன் போட்டு மாட்டி விடறே, நீயே வந்து கூட்டிட்டு வந்து அடிக்கறே, உனக்கு என்னதான்யா வேணும்னு. சிரிச்சாரு. அந்தச் சிரிப்புதான் புள்ள. எத்தனை தடவை சொல்லியிருக்காரு, ஒரு போன் போட்டேன்னா நாளைக்கு நீ விமானத்துலன்னு. அதைத்தான் நாலு தடவை எனக்கு நடத்திக் காட்டியிருக்காருன்னு தோணுச்சு. பூனை எலியை விட்டு விட்டுப் பிடிக்கற மாதிரி. அதுக்கப்புறம் என் கையில இல்லை எதுவும்.

— எதால அடிச்சீங்க?

— கறி குத்தி வாட்டற கம்பி கைக்கு வந்துச்சு. முழங்கால்ல ஒண்ணு போட்டேன். மடங்கி உக்காந்தாரு. காதோட சேத்து ஒண்ணு. தலையைப் பிடிச்சு மாவு டப்பாவுல மோதினேன், ரெண்டு தடவையா, மூணு தடவையா, நினைப்பு இல்லை. என் முழங்கையைப் போன வருஷம் அடுப்பு விளிம்புல வெச்சு அழுத்தினாரே, அது மாதிரி அவரு கையை வெச்சு அழுத்தினேன். கத்தினாரு. எனக்கு நல்லா இருந்துச்சு, தன்மாயா. பாவமா இருக்கும்னு நினைச்சேன். நல்லா இருந்துச்சு.

— சொல்லாதீங்க, போதும். கதவைத் தொறங்க, பாக்கறேன்.

— தொறக்கக் கூடாது.

— மாயா... தண்ணி... தண்ணி குடும்மா...

— கேட்டீங்களா, தண்ணி கேக்கறாரு. ஆம்புலன்ஸைக் கூப்பிடலாங்க. இப்பக் கூப்பிட்டா பொழைச்சுக்குவாரு. அவரு முதல்ல அடிச்சாரு, அதுக்கு உங்க மூஞ்சியே சாட்சி.

— யார்கிட்டக் காட்டறது என் மூஞ்சியை? பாலத்துக்கிட்ட நின்ன அந்த நாலு பேர்கிட்டயா? இந்தா, பிடி. டிராயரை ஒடைச்சு எடுத்துட்டேன், என் கார்டு மட்டும் அவரு பாக்கெட்ல இருந்துச்சு. உன் பாஸ்போர்ட்டு, என் பாஸ்போர்ட்டு, ரெண்டு கார்டு. சரியா இருக்கா பாரு.

— இருக்கு.

— ரெண்டு வருஷத்துக்கப்புறம் தொடறே, மூஞ்சியில ஒரு சிரிப்பு வரலையே.

— அதுல ரத்தம் ஒட்டியிருக்கு.

— துடைச்சா போயிடும். சட்டையை மாத்திட்டு நீ முன்னாடி ரயில் ஸ்டேஷனுக்குப் போ. ரெண்டாவது பிளாட்பாரத்துல நில்லு. கால் மணி நேரத்துல நான் வந்துடறேன்.

— ஏன், சேந்தே போனா என்ன? இங்க உங்களுக்கு இன்னும் என்ன வேலை?

— இருக்கு.

— என்ன வேலைன்னு கேக்கறேன்.

— அவரு எழுந்ததும் முதல் காரியமா என்ன பண்ணுவாரு? போனை எடுப்பாரு. சும்மா இருந்தவனையே நாலு தடவை மாட்டி விட்ட ஆளு. இப்ப விடுவாரா? நாம ரயில் ஏறி உக்கார்றதுக்குள்ள அடுத்த ஸ்டேஷன்ல போலீஸ் நிக்கும். அவரு இனிமே போன் பண்ணக் கூடாது. அவ்வளவுதான் வேலை.

— அந்தக் கம்பியைக் கீழ போடுங்க.

— நீ போ புள்ள. நீ பாக்க வேண்டாம்.

— சந்தபீரு... டேய்... நான் போன் பண்ணலடா... என் ரெண்டு புள்ளைங்க மேல சத்தியம்...

— பாத்தியா? புள்ளைங்க மேல சத்தியம் பண்றாரு. அடிக்கும்போதும் இதையேதான் சொன்னாரு. நான் அடிக்காத வரைக்கும் சிரிச்சாரு, அடி விழுந்ததும் சத்தியம் பண்றாரு.

— உண்மையைத்தான் சொல்றாரு.

— நீ என்ன அவருக்குப் பரிஞ்சுக்கிட்டு வர்றே? வழியை விடு.

— அவரு கெட்டவரு. நம்மளை அடைச்சு வெச்சவரு, உங்களை அடிச்சவரு, சுட்டவரு. எல்லாம் சரி. ஆனா போன் பண்ணது அவரு இல்லைங்க.

— உனக்கு எப்படித் தெரியும்? நகரு தன்மாயா. உன்னைத் தள்ளிட்டுப் போக வெச்சுடாத.

— தள்ளுங்க. என் தலையையும் மாவு டப்பாவுல மோதுங்க. அப்புறமா உள்ள போங்க. போன் பண்ணது நான்.

— என்ன?

— நான்தான். சலவைக்கடை வாசல்ல காசு போட்டுப் பேசற பச்சை போன் ஒண்ணு இருக்குல்ல, அதுலேருந்து. நாலு தடவையும். நீங்க கெளம்பறப்போவே நானும் துணி மூட்டையைத் தூக்கிட்டுக் கெளம்பிடுவேன்.

— அவரைக் காப்பாத்தறதுக்குக் கதை கட்டறே.

— ‘நீலச் சைக்கிள். வெளிநாட்டுக்காரன். திருட்டு. பாலத்துப் பக்கம். சீக்கிரம்.’ இவங்க பாஷையில எனக்குத் தெரிஞ்சது இந்த அஞ்சுதான். ரெண்டு வாரம் பாத்திரம் கழுவிக்கிட்டே மனப்பாடம் பண்ணேன். அந்தச் சின்னப் பையன் உங்ககிட்ட வேற ஏதாவது சொன்னானா? இதைத்தானே சொன்னான்?

— நீ... நீயா என்னைத் திருடன்னு சொன்னே? கட்டின புருஷனை?

— ஆமா.

— என் விரல் ஒடிஞ்சிருக்கு தன்மாயா. பல்லு போயிடுச்சு. உள்ள ஒரு மனுஷனை இப்படி ஆக்கி வெச்சிருக்கேன். போன் பண்ணலைன்னு அவரு கத்தக் கத்த, கையை அடுப்புல வெச்சு அழுத்தினேன். எதுக்குடி? எதுக்காகப் பண்ணே?

— உங்க முழங்கையை அவரு சுட்டாரே, மறுநாளே நான் அந்தப் பாலத்துக்கிட்ட இருக்கற போலீஸ் பூத்துக்குத்தான் போனேன், உங்களுக்குத் தெரியாம. அடிக்கற மாதிரி காட்டினேன், சுடற மாதிரி காட்டினேன், பூட்டி வெச்சிருக்கற மாதிரி காட்டினேன். அழுதேன். உக்கார வெச்சு டீ குடுத்தாங்க. எதையோ தொலைச்சுட்டேன்னு நினைச்சுக்கிட்டு, காணாமப் போன சாமானுக்கு எழுதற படிவத்தை நீட்டினாங்க. நம்ம பாஷை தெரிஞ்சவங்களைத் தேடணும்னு கடைப் பேரைக் கேட்டாங்க. இவருக்குத்தான் போன் போடுவாங்கன்னு பயந்து ஓடி வந்துட்டேன்.

— என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

— உங்ககிட்டயா? அன்னைக்கு ராத்திரியே முதலாளி கால்ல விழுந்து, என் பொண்டாட்டி தெரியாம பண்ணிட்டா, மன்னிச்சுடுங்கன்னு சொல்லியிருப்பீங்க. இல்லைன்னு சொல்லுங்க பாப்போம்.

— விழுந்திருப்பேன்தான்.

— மனுஷனைச் சுடறாங்கன்னு போனா டீ குடுத்து அனுப்பறாங்க. சைக்கிள் திருட்டுன்னா ஓடி வர்றாங்க. சரி, அப்படியாவது வரட்டும்னுதான் கூப்பிட்டேன். உங்களுக்கு இவங்க பாஷை நல்லாத் தெரியும். கார்டு எங்கன்னு அவங்களே கேப்பாங்க, நீங்க ஒரு தடவையாவது டிராயர்ல இருக்குன்னு சொல்லிடுவீங்க, அவங்களே வந்து இந்தக் கதவைத் தொறந்துடுவாங்கன்னு இருந்தேன்.

— தன்மாயா...

— நாலு தடவை போலீஸைக் கொண்டு வந்து உன் முன்னாடி நிறுத்தினேன்யா. நாலு தடவையும் மறந்து வெச்சுட்டேன்னு சொல்லிட்டு வந்து நிக்கறே.